மரியாதைக்கு விட்ட நூறு ரூபாய்

வைரவபுளியங்குளம்,
வவுனியா.
08.02.2004

அன்பும் மதிப்பும் மிகுந்த நல்லதம்பி மாமாவுக்கு,

உங்கள் ஒன்றுவிட்ட தங்கை கமலாசனியின் மூத்த மகள் வினோஜா எழுதுவது. முதலில், எழுதியதற்கே என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்கு வந்து "அம்மா ஒரு கிலோ சீனி கேட்டவா" என்பதற்கு மேல் உங்களுடன் நான் ஒரு வசனமும் கதைத்ததில்லை. அந்த வசனத்தையும் உரப்பைகளுக்குப் பின்னால் நின்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் நீங்கள் எட்டிப் பார்த்து, "ஆரது? பை கதைக்குது!" என்று கேட்டீர்கள். அந்தப் பைதான் இப்போது பட்டம் பெற்று, வவுனியாவில் ஒரு கந்தோரில் வேலை செய்து, உங்களுக்குக் கடிதம் எழுதுகிறது.

உங்களுக்கும் இலட்சுமி மாமிக்கும் முழங்கால் வலியைத் தவிர மற்ற எல்லாம் பெருகட்டும். கடையில் எலி குறைந்து வியாபாரம் கூடட்டும். நான் இங்கே சுகம். தங்கியிருக்கும் அறையில் மின்விசிறி சுற்றினால் கட்டிலும் சேர்ந்து அசைகிறது, அதைவிடக் குறை ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: என்னுடைய கடனட்டையைப் பற்றி வட்டக்கச்சியில் உலவும் கதைகளைத் திருத்துவது. வேறு எந்த உள்நோக்கமும் இல்லை. நான் வங்கியில் ஐந்து லட்சம் கடன்பட்டு ஒளித்துத் திரிகிறேன் என்று ஒரு கதை. பட்டதாரிகளுக்கு வங்கி மாதா மாதம் சும்மா காசு கொடுக்கிறது, அதை நான் வீட்டுக்குத் தராமல் மறைக்கிறேன் என்று இன்னொரு கதை. மூன்றாவது கதை உங்கள் கடை வாசலில் ஆட்கள் இருந்து கதைக்கும் வாங்கிலிருந்து புறப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்: வங்கி மனேச்சர் என்னைக் கலியாணம் முடிக்கப் போகிறாராம், அதற்கு முற்பணமாகத்தான் காட் தந்தாராம். மாமா, மனேச்சருக்கு ஐம்பத்தாறு வயது. பேரப்பிள்ளைக்குப் பால்மா வாங்க அவர் வரிசையில் நின்றதை நானே கண்டிருக்கிறேன்.

அட்டை என் கைக்கு வந்ததற்குக் காரணம் பேராசை அல்ல, கூச்சம். போன சித்திரையில் சம்பளம் எடுக்கப் போனபோது முன்ஸிர் என்ற உத்தியோகத்தர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு அப்பால் இருந்து யார் கூப்பிட்டாலும் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போவேன். "தங்கச்சி, உங்களுக்கு ஒரு கிரெடிட் காட் எடுக்கலாம், எடுப்பமா?" என்றார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும், அது நீளமான வேலை, தலையாட்டினால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், ஆகவே தலையாட்டினேன், காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்தும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் "இது என்னத்துக்கு அண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, சிறு பிள்ளைக்கு மருந்து குடிக்கும் முறையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கையில காசு இருந்தா வாங்குற சாமானத்தான் இதால வாங்கணும். காசில்லாத சாமான இதால வாங்கப்படாது. மாசம் முடிய பில் வரும், திகதிக்கு முந்தி முழுக்கக் கட்டணும். மெசின்ல விட்டுக் காசா எடுக்கப்படாது, எடுத்தா அண்டைக்கே வட்டி ஓடத் தொடங்கும். வரம்பு பெரிசாத் தந்திருக்கு எண்டு முழுக்க எடுக்கப்படாது. ஒருத்தருக்கும் இரவல் குடுக்கப்படாது, பெத்த உம்மா கேட்டாலும் சரி."

"இவ்வளவும் செய்யக்கூடாதெண்டால் ஏன் அண்ணா தாறீங்கள்?"

"இப்பிடி ஒழுங்கா ஒரு பத்து மாசம் நடந்தீங்க எண்டா வங்கிக்கு உங்களத் தெரிய வரும். நாளைக்கு ஒரு கடன் கேட்டு வந்தா, ஆர் நீங்க எண்டு கேக்க மாட்டாங்க."

மாமா, அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டேன். வட்டக்கச்சியில் என்னை யாரும் "ஆர் நீ?" என்று கேட்பதில்லை, "செல்வநாயகத்தின்ர மூத்தவள்" என்றால் போதும். வவுனியாவில் அது செல்லாது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் இங்கே ஆமியின் பாஸுக்காக மறிபட்டு நின்ற நாட்களில், "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட இந்த ஊரில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு இளைப்பாறிய லிகிதர் போட்டார். அவருக்கு என்னைத் தெரியாது. போட்டுவிட்டு, "பிள்ளை, உன்ர பேர் என்ன?" என்று கேட்டார். இனிமேல் யாரையும் அப்படிக் கெஞ்சாமல், அட்டையால் சவர்க்காரம் வாங்கியே நல்ல பேர் எடுக்கலாம் என்றால் எவ்வளவு நல்லது! எனக்கு ஒருநாள் கடன் தேவைப்படும் என்பதும் அன்றைக்கே தெரியும். மாசியில் வெட்டும் அப்பாவின் காலபோக நெல் ஒருமுறையாவது, வெட்டின கிழமையே விலைப்படாமல், ஆனி மாதம் வரைக்கும் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனியில் என்ன விலை போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது உங்களைக் குறித்து எழுதியதல்ல, நெல்லைக் குறித்து. அடுத்த பந்திக்குப் போகிறேன்.

அட்டையை முதன்முதல் பாவித்த கதை. வவுனியாவில் அதை வாங்கும் கடைகள் மிகச் சில. ஒன்று நகைக்கடை, அது எனக்குச் சரிவராது. இன்னொன்று பெற்றோல் செட், என்னிடம் இருப்பது சைக்கிள். ஆகவே புதிதாகத் திறந்த பெரிய சாமான் கடைக்குப் போய், அரைமணி நேரம் யோசித்து, ஒரு சவர்க்காரம் எடுத்தேன். காசுமேசையில் இருந்த பெண் அட்டையைக் கண்டதும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள், அவர் எங்கேயோ பூட்டி வைத்திருந்த யந்திரத்தை எடுத்துத் தூசி தட்டினார், பிறகு கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், அங்கே யாரோ சாப்பிடப் போயிருந்தார்கள், எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது, நான் அந்தச் சவர்க்காரத்தின் மேலுறையில் இருந்த எழுத்துகளைச் சிங்களத்திலும் வாசித்து முடித்தேன். பின்னால் நின்ற வயதான ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, காசில்லாட்டிச் சொல்லன், நான் தாறன். குளிக்கத்தானே கேக்கிறாய்" என்றார். மாமா, அன்றைக்கு நிலம் பிளந்திருந்தால் நன்றி சொல்லி இறங்கியிருப்பேன். நிலம் ஏன் பிளக்கும், எப்போது பிளக்கும் என்பதையெல்லாம் புவியியலில் படித்தவள் நான். தேவையான நேரத்தில் அது பிளப்பதில்லை.

மாதம் முடிந்து பில் வந்தது. அந்தச் சனிக்கிழமை அதையும் கொண்டு வட்டக்கச்சிக்கு வந்தேன். பட்டதாரி என்றால் வீட்டில் யாரிடமும் கேட்காமல் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் எங்கள் வீட்டில் கடன் என்றால் அப்பாவின் துறை, அதில் நான் எப்படிக் கைவைப்பேன்? அட்டையை மேசையில் வைத்தேன். முதலில் கருத்துச் சொன்னவர் அம்மா. இடம்பெயர்ந்து ஜெயபுரத்தில் கொட்டில் போட்டு இருந்த காலத்து நிவாரண அட்டையைத் தவிர அவர் வேறு காட் கண்டதில்லை. அந்த அட்டையில் ஒரு மாதம் பங்கு எடுக்காவிட்டால் அடுத்த மாதம் பேரை வெட்டிவிடுவார்கள். "வரம்பு எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "எவ்வளவு எடுத்தனி?" சவர்க்காரத்தையும் அதற்குப் பிறகு வாங்கிய தேயிலையையும் ஒரு குடையையும் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்தார். "விசரி! மிச்சத்தை விட்டிட்டு வந்தனியே? குடும்பத்துக்கு ஆக்கள் குறைஞ்சு போச்சு எண்டு எழுதிப் போடுவாங்களடி. நாளைக்கே போய் முழுக்க எடு. சீனி எண்டாலும் எடு, கிடக்கட்டும்!" முன்ஸிர் அண்ணா வேண்டாம் என்றதைச் சொன்னேன். "அவனுக்கென்ன, நீ எடுக்காட்டி அந்தப் பங்கு அவனுக்கு" என்றார்.

அப்பா பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முழுக்கக் கட்டப் போறியோ?" என்றார். ஓம் என்றேன். "சீச்சீ. அது பண்பில்லை பிள்ளை. ஒருத்தன் எங்களை நம்பித் தந்திருக்கிறான். முழுக்கக் கொண்டே எறிஞ்சால் என்ன அர்த்தம்? இனி உன்ர வாசல் மிதியன் எண்டு அர்த்தம். நல்லதம்பி மச்சான்ர கணக்கை நான் ஒருநாளும் மூடினதில்லை. எவ்வளவு நெல் குடுத்தாலும் கொஞ்சம் விட்டிட்டுத்தான் வருவன். அதுதான் மரியாதை." பிறகு யோகலிங்கம் அண்ணையின் கதையைச் சொன்னார். மிளகாய் நன்றாக விளைந்த வருடம் அவர் சந்தோசத்தில் உங்கள் கணக்கைச் சதம் மிச்சமில்லாமல் கட்டிவிட்டு வர, நீங்கள் அவர் வீட்டுக்குப் போய், "நான் என்ன பிழை விட்டனான்?" என்று படலையில் நின்று கேட்டீர்களாமே. அவர் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல உங்களுக்குச் சந்தேகம் கூடி, இரண்டு பொங்கல் கதைபேச்சு இல்லாமல் போனதாமே. கடைசியில் அவர் தேவையே இல்லாமல் இரண்டு போத்தல் பூச்சிமருந்தைக் கடனுக்கு வாங்கிய பிறகுதான் நீங்கள் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு அவருக்கு அழைப்புச் சொன்னீர்களாம்.

இவ்வளவையும் கேட்ட பிறகு முழுக்கக் கட்ட எனக்கு மனம் வருமா? முன்ஸிர் அண்ணாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை வங்கிக்குப் போய் எல்லாவற்றையும் கட்டி, மரியாதைக்கு நூறு ரூபாய் விட்டேன். விட்டுவிட்டு வெளியே வரும்போது மனம் நிறைந்திருந்தது. ஒரு பெரிய நிறுவனத்துடன் பண்பாக நடந்துகொண்டேன் என்ற பெருமை.

அடுத்த பில்லில் அந்த நூறு ரூபாய்க்கு மட்டுமல்ல, நான் ஏற்கெனவே கட்டிய சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் குடைக்கும்கூட, வாங்கிய நாளிலிருந்து வட்டி போட்டிருந்தார்கள். மழை எங்கிருந்து வருகிறது என்று மூன்று வருடம் படித்தேன், வட்டி எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் படிப்பிக்கவில்லை. பில்லைக் கொண்டு முன்ஸிர் அண்ணாவின் முன்னால் போய் நின்றேன்.

"நூறு ரூவா ஏன் விட்டீங்க? கையில இல்லாமலா?"

"இருந்தது."

"மறந்திட்டீங்களா?"

"இல்லை. மரியாதைக்கு விட்டனான்."

அவர் என்னைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க" என்று எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு இன்னும் மூன்று நான்கு பேரின் சத்தம் வந்தது, பிறகு மனேச்சரின் சத்தமும் கேட்டது. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தார். "தங்கச்சி, காசில்லாம விட்டவங்க இருக்காங்க, ஏமாத்த விட்டவங்க இருக்காங்க. மரியாதைக்கு விட்டது நீங்கதான். மனேச்சர் உங்கட வட்டிய இந்த ஒருமுறை வெட்டச் சொல்லிட்டார். இனி எங்களுக்கு மரியாதை வாணாம், முழுக்கக் கட்டுங்க" என்றார்.

இதை நான் அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதியது பிழை. வட்டி என்ற சொல்லைக் கண்டதும் அவர், கடன் தந்தவரை நேரில் கண்டு கதைக்காததால்தான் இப்படி நடந்தது என்று முடிவு செய்து, அரை மூட்டை மொட்டைக்கறுப்பன் அரிசியும் ஒரு கதலி வாழைக்குலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வழியில் இயக்கத்தின் சோதனையில் நின்றவர்கள் மூட்டையில் கம்பி குத்திப் பார்த்து, "ஆருக்கு ஐயா?" என்று கேட்டார்களாம். "பாங் மனேச்சருக்கு. மகளுக்குக் கடன் தந்தவர், ஒருக்கா முகம் பாக்க வேணும்" என்றாராம். ஓமந்தையில் மற்றப் பக்கத்து ஆமிக்காரர் சிங்களத்தில் கேட்டதற்கும் அதையே தமிழில் சொன்னாராம், யாரோ மொழிபெயர்த்தாராம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிரித்துவிட்டுப் போகவிட்டார்களாம். இந்தச் சமாதான காலத்தில் இரு தரப்பும் முழுதாக ஒத்துப்போன விடயம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வங்கி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாழைக்குலையைத் தோளில் வைத்தபடி அப்பா உள்ளே வந்தாராம். வங்கியிலிருந்து ஆள் வந்து சொல்ல, நான் கந்தோரிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது அவர் முன்ஸிர் அண்ணாவின் முன்னால் இருந்தார், குலை மேசையில் இருந்தது.

"தம்பிதானோ கடன் தந்தது?"

"நான் இல்ல ஐயா, வங்கி."

"வங்கியின்ர முகத்தை எப்பிடித் தம்பி பாக்கிறது? உங்கட முகத்தைத்தான் பாக்கலாம். இருங்கோ, பாக்கிறன்."

அப்பா பார்த்தார். முன்ஸிர் அண்ணாவும் படம் எடுப்பதற்கு இருப்பதுபோல நேராக இருந்து காட்டினார்.

"எவடம் தம்பி?"

"தண்ணீரூற்று ஐயா."

"தண்ணீரூற்றில ஆர்?"

"இரும்புச் சாமான் கடை ஹமீட் நானாட மகன்."

"ஹமீட் நானாவின்ர மகனோ! அவரிட்டை நான் மண்வெட்டி வாங்கினனான் எல்லோ. தொண்ணூறில…"

"ஓம் ஐயா. எங்கட முஸ்லிம் சனத்த வெளிக்கிடச் சொன்ன பிறகு, புத்தளத்தில பன்னிரண்டு வருசம். வாப்பா போன வருசந்தான் திரும்பி வந்தார். கடைக்குக் கூரை போட்டாச்சு."

அப்பா வாழைக்குலையை அவர் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்ல வேணும். பிள்ளை முழுக்கக் கட்டினால் உங்களுக்கு மனவருத்தம் வராதோ?"

"எனக்கு வராது. வங்கிக்குக் கொஞ்சம் வரும். பாக்கி வைக்கிறவங்களாலதானே ஐயா வங்கிக்குச் சோறு."

அப்பா தேர்தலில் வென்றவர்போல என் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? நான் சொன்னனான் எல்லோ!"

"ஆனா மகளுக்கு நல்ல பேர் வேணுமெண்டா முழுக்கத்தான் கட்டணும்."

"முழுக்கக் கட்டினால் உறவு அறுந்துபோகாதோ தம்பி?"

முன்ஸிர் அண்ணா பேனையை மூடித் திறந்தார். "நாங்க வெளிக்கிட்ட அண்டைக்கு வாப்பாட கடையில ஊரில பாதிப்பேர்ட கணக்குத் திறந்துதான் கிடந்திச்சு ஐயா. அதில ஒருத்தரும் உறவெண்டு புத்தளம் வரல்ல. கணக்கு முடிச்ச ஒரு மனுசன்தான் பெருநாளுக்குப் பெருநாள் கடிதம் போட்டார்."

அப்பா கதிரையை விட்டு எழுந்தார். போகும்போது அரிசியையும் குலையையும் ஏற்க வங்கிச் சட்டத்தில் இடமில்லை என்று முன்ஸிர் அண்ணா சொன்னார். "உங்களுக்கு ஆர் தந்தது? இது ஹமீட் நானாவுக்கு. நீங்கள் சுமக்கிற ஆள்தான்" என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது.

அன்றிலிருந்து அப்பா மாறிவிட்டார். மாறியது நல்லதுதான், ஆனால் அவர் மாறியதை ஊர் முழுக்க அறிய வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் வவுனியா பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்புகிறார். பஸ் நிலையத்தில் சனம் நிறைந்த நேரத்தில் அந்தக் கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி, "வட்டக்கச்சிச் செல்வநாயகம் அண்ணையின்ர மகள் வந்திருக்கிறாவோ? கொப்பர் கேக்கிறார், காட் கட்டியாச்சோ எண்டு!" என்று கத்துவார். முதல் மாதம் நான் ஒரு கச்சான் கடலை வண்டிலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவர் விடவில்லை, "கட்டாட்டி அண்ணை சாப்பிடமாட்டாராம்!" என்றும் சேர்த்துக் கத்தினார். அடுத்த மாதம் நானே முன்னுக்கு வந்து, "கட்டியாச்சு, முழுக்கக் கட்டியாச்சு!" என்று என் வாழ்நாளில் முதன்முதலாகச் சத்தம் போட்டேன். பஸ்ஸில் இருந்த சிலர் கைதட்டினார்கள். ஐந்து லட்சக் கதை அந்தப் பஸ்ஸில்தான் பிறந்திருக்க வேண்டும்.

ஆகவே மாமா, உண்மை இவ்வளவுதான். நான் அட்டையால் வாங்குவது சவர்க்காரம், தேயிலை, எப்போதாவது ஒரு புத்தகம். பில் வந்த கிழமையே முழுக்கக் கட்டுகிறேன். தங்கையின் சாறிக்கென்று அட்டையை இரவல் கேட்ட கந்தோர்ச் சிநேகிதி ஷமீலாவுக்கு, "பெத்த உம்மாவுக்கும் குடுக்கக்கூடாதாம்" என்று சொல்லி, அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவளும் அட்டை எடுத்துவிட்டாள், என்னிடம்தான் முறை கேட்கிறாள். போன கிழமை வங்கிக்குப் போனபோது முன்ஸிர் அண்ணா கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்கு விளங்கியது என் பெயர் மட்டும்தான். "பாத்தீங்களா, வங்கிக்கு உங்களத் தெரியும்" என்றார். வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எழுத வேண்டியது முடிந்தது. ஊரில் யாராவது என் கடனைப் பற்றிக் கதைத்தால் இதை வாசித்துக் காட்டுங்கள், கலியாணப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். மாமிக்கு என் அன்பு. ஜெயபுரத்தில் மரத்துக்குக் கீழே சாக்கு விரித்துக் கடை போட்டிருந்த நாளிலும் எங்களை வெறுங்கையோடு அனுப்பாத உங்கள் கை என்றைக்கும் நிறைந்திருக்கட்டும்.

உங்கள் ஆசியை வேண்டும் மருமகள்,
செ. வினோஜா

பி.கு.: மாமா, உள்நோக்கம் இல்லை என்று மேலே எழுதியது பொய். ஊர் என்ன கதைத்தாலும் அது எனக்குப் பெரிதில்லை, பஸ் நிலையத்தில் கத்தியவளுக்கு இனி என்ன கூச்சம்? எழுதியது வேறு விடயத்துக்காக. வங்கி எனக்கு ஒரு கடன் தருகிறது. அதற்கும் வட்டி உண்டு, ஆனால் அது என் சம்பளத்தில் வெட்டுப்படும், அப்பாவின் நெல்லில் வெட்டுப்படாது. கணக்குத் திறந்திருக்கிறவரின் நெல் ஆனி வரைக்கும் காத்திருக்காது மாமா, வெட்டின கிழமையே கடன் கழிக்க உங்கள் கடைக்கு வந்துவிடும், அதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. அது எங்கள் எல்லாருடைய பழக்கம். அப்பாவிடம் நான் இதைச் சொல்லிச் சம்மதிக்க வைக்க மூன்று சனிக்கிழமை எடுத்தது. காசைப் பற்றி அவருக்குப் பயமில்லை. "மச்சான் என்ர செத்தவீட்டுக்கும் வராமல் விட்டிடுவார்" என்பதுதான் பயம். வருகிற வெள்ளிக்கிழமை காலமை அந்தக் காசோடு உங்கள் கணக்கை முழுக்கக் கட்ட வருவார். என்ன சொல்வது என்று அம்மாவுக்கு முன்னால் பாடமாக்குகிறாராம். "மச்சான், கோபம் ஒண்டுமில்லை" என்று தொடங்குவாராம், பிறகு "அப்பிடிச் சொன்னால்தான் கோபம் எண்டு நினைப்பார்" என்று விட்டுவிடுவாராம். வந்து ஒன்றும் சொல்லாமல் காசை மட்டும் நீட்டினாலும் நீட்டுவார். வாங்குங்கோ மாமா. "நான் என்ன பிழை விட்டனான்?" என்று மட்டும் கேட்டுவிடாதையுங்கோ, கேட்டால் அவர் காசை மடியில் முடிந்துகொண்டு அப்படியே திரும்பிவிடுவார், என் பத்து மாதச் சவர்க்காரமும் வீணாகிவிடும். எண்ணி வாங்கி, கணக்கை மூடுங்கோ. மறுநாள் அவர் ஒன்றும் வாங்க இல்லாமல், ஒன்றும் கேட்க இல்லாமல், சும்மா கதைக்க உங்கள் கடைக்கு வந்து, உள்ளே வரலாமோ என்று தெரியாமல் வாசலில் நிற்பார். அப்போது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரு செல்வநாயகம்" என்று சொல்லுங்கோ.